பழைய டீசலை ஊற்றலாமா?

போன ஐப்பசியில், மழைக்கு முன்னால் எங்கள் குடியிருப்பின் ஜெனரேட்டர் அறையை ஒழித்துக்கொண்டிருந்தோம். பின்சுவரை ஒட்டி ஒரு பேரல் நின்றது. தட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் டீசல். எப்போது வாங்கியது என்பதில் ஆளுக்கொரு கணக்கு. "ஒரு வருஷம் இருக்கும்" என்றார் செயலாளர். "இல்ல சார், மிக்ஜாம் புயலப்போ வாங்கினது" என்றார் வாட்ச்மேன். அப்படியானால் 2023 டிசம்பர், கிட்டத்தட்ட இரண்டு வருடம். பொருளாளருக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. "டீசல் என்ன பாலா, திரிஞ்சுபோக? லிட்டர் தொண்ணூறு ரூபாய்க்கு மேல விக்குது. ஊத்தி ஓட்டுங்க."

மெக்கானிக் வந்தார். பேரலை நகர்த்தப் போனவர்களைக் கைகாட்டி நிறுத்தினார். "யாரும் அசைக்காதீங்க. ரெண்டு நாள் அப்படியே நிக்கட்டும். புதன்கிழமை வர்றேன்."

அந்த இரண்டு நாள் எதற்கு என்று தெரிந்துகொண்டால், பழைய டீசல் விவகாரத்தில் முக்கால்வாசி தெரிந்த மாதிரி.

டீசல் பால்போலத் திரியாது என்பது சரி. கேனில் காலாவதித் தேதி அச்சடித்தும் வருவதில்லை. 20 டிகிரி வெப்பத்தில் ஒழுங்காக மூடி வைத்தால் ஒரு வருடமோ அதற்கு மேலோ தாங்கும், 30 டிகிரிக்கு மேல் போனால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் என்பது எண்ணெய்த் துறையில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சென்னையில் 20 டிகிரி என்பது மார்கழி விடியற்காலையில் கொஞ்ச நேரம் எட்டிப் பார்க்கும் சமாச்சாரம். ஆகவே நமக்கு இரண்டாவது கணக்குதான். ஆனால் இந்த மாதக் கணக்கை நான் பெரிதாக நம்புவதில்லை. மூன்று வருடம் கழித்தும் பளிச்சென்று இருக்கும் டீசல் உண்டு. மூன்றே மாதத்தில் நாசமாகிப் போவதும் உண்டு. எத்தனை நாள் இருந்தது என்பதைவிட, அத்தனை நாளும் எதோடு சேர்ந்து இருந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

காற்றோடு இருந்தால் என்ன ஆகும் என்பது சமையலறையிலேயே தெரியும். கடலை எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கிறதே, டீசலுக்கு வருவதும் அதே குடும்பத்து நோய்தான். காற்றிலுள்ள ஆக்சிஜன் டீசலோடு சேர்ந்து முதலில் பெராக்சைடுகளை உண்டாக்கும். அப்புறம் அமிலம், கடைசியில் பிசின். வெளிர் மஞ்சளாக இருந்தது தேன் நிறமாகி, பிறகு டிகாஷன் நிறத்துக்குப் போகும். சூடு இதை வேகப்படுத்தும். செம்பு, பித்தளை, துத்தநாகம் பட்டால் இன்னும் வேகம் பிடிக்கும். தண்ணீர் பிடித்து வைக்கும் ஜி.ஐ. டிரம்மில் டீசலைச் சேமிக்கக் கூடாது என்பது இதனால்தான். அதன் உள்பூச்சு துத்தநாகம்.

வேடிக்கை என்னவென்றால், இத்தனை நடந்தும் டீசல் எரியும் குணத்தைப் பெரிதாக இழப்பதில்லை. பெட்ரோல் கதை வேறு. அதில் லேசான பகுதிகள் ஆவியாகிப் போய்விடும், பழைய பெட்ரோலில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும். டீசலில் அப்படி ஓடிப்போகும் பகுதி குறைவு. உள்ளே உருவாகும் பெராக்சைடுகள் தீப்பற்றுவதற்கு ஒத்தாசைகூடச் செய்யும். பழைய டீசல் எரியத்தான் செய்யும். எரிய வேண்டிய இடம் வரைக்கும் போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி. பிசினும் கசடும் வழியிலேயே ஃபில்டரை அடைத்துவிடுகின்றன.

இரண்டாவது ஆள் தண்ணீர். அதுதான் பெரிய வில்லன்.

பேரல் மூச்சு விடும். டீசல் ஒரு டிகிரி சூடேறினால் ஆயிரத்துக்கு 0.8 பங்கு விரியும். அதற்கு மேலே இருக்கும் காற்று அதைவிடப் பல மடங்கு விரியும். பகலில் வெயில் ஏற ஏற, மூடியின் திருகு வழியாகக் காற்று வெளியே கசியும். இரவில் குளிர்ந்ததும் பேரல் உள்ளிழுக்கும். கடலோர ஊரில் அந்தக் காற்று ஈரக்காற்று. தகரத்தின் உள்சுவரில் வியர்த்து, சொட்டுச் சொட்டாக டீசலுக்குள் இறங்கும். பேரல் எவ்வளவு காலியோ அவ்வளவு வியர்க்கும். திறந்தவெளியில் நிமிர்த்தி வைத்த பேரல் என்றால் இன்னும் மோசம். மேல்விளிம்பு தட்டுபோல உயர்ந்திருப்பதால் மழைத்தண்ணீர் அங்கே தேங்கும். சூடான பேரல்மேல் மழை பெய்தால், குளிர்ந்து உள்ளிழுக்கும் நேரத்தில் மூடிக்குப் பக்கத்தில் நிற்பது காற்றல்ல, தண்ணீர். எங்கள் பேரல் அறைக்குள் வந்தது சில மாதம் முன்புதான், அதுவரை மாடிப்படியின் கீழே சாரலில் நின்றது என்று வாட்ச்மேன் பிறகு சொன்னார்.

தண்ணீர் டீசலைவிடக் கனம். லிட்டர் டீசல் ஏறக்குறைய 830 கிராம், தண்ணீர் ஒரு கிலோ. அதனால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அங்கேயிருந்து மூன்றாவது ஆளைக் கூப்பிடும்.

ஊறுகாய் ஜாடியில் ஈரக்கரண்டி போட்டால் அம்மா ஏன் திட்டுவார்? எண்ணெய் மட்டும் இருந்தால் எதுவும் முளைக்காது, ஈரம் பட்டால்தான் பூஞ்சை பூக்கும். பேரலிலும் அதேதான். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் எல்லைக்கோட்டில் பாக்டீரியாவும் பூஞ்சையும் குடியேறுகின்றன. குடிக்கத் தண்ணீர் கீழே, சாப்பிட டீசல் மேலே. ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சைக்கு 'கெரசின் பூஞ்சை' என்றே பட்டப்பெயர், விமான எரிபொருள் டேங்குகளில் பேர்வாங்கியது. அது வளர்ந்தால் பாலாடைபோல, பழுப்போ கறுப்போ ஆன வழவழப்பான ஏடு படரும். சில பாக்டீரியாக்கள் அமிலத்தையும், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடையும் உண்டாக்கி, டேங்கின் அடித்தகட்டை அரிக்கும்.

இப்போது அந்த இரண்டு நாளுக்கு வரலாம். அசைக்காமல் விட்டால் தண்ணீரும் கசடும் அடியில் போய்ச் சேரும். உருட்டிக் கொண்டுவந்து உடனே திறந்து பார்த்தால் எல்லாம் கலங்கி, எது எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

புதன்கிழமை அவர் கொண்டுவந்த கருவி, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ஒளி ஊடுருவும் டியூப், இரண்டு மீட்டர். மேல்முனையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு மெதுவாக அடிவரை இறக்கினார். தட்டியதும் விரலை எடுத்தார். அடியில் இருப்பது டியூபுக்குள் ஏறியது. மறுபடி விரலை வைத்து மூடி வெளியே இழுத்து, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் விட்டார். அதேபோல நடுவிலிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று. நான்காவது பாட்டிலில் அன்று காலை பங்கில் வாங்கிய புது டீசல். வாயால் உறிஞ்சி எடுக்கவே இல்லை. நம் ஊரில் பலரும் செய்வது அதைத்தான், செய்யக்கூடாததும் அதுதான். ஒரு மடக்கு டீசல் புரையேறி நுரையீரலுக்குப் போனால் மருத்துவமனையில்தான் போய் முடியும்.

நான்கு பாட்டிலும் மதில்மேல் வரிசையாக நின்றன. புதுசு வெளிர் மஞ்சள். மேலும் நடுவும் ஒரு சுற்று அழுத்தமான மஞ்சள், ஆனால் தெளிவு. பாட்டிலுக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து படிக்க முடிந்தது. அடிப்பாட்டிலில் இரண்டு விரற்கடை தண்ணீர், அதன்மேல் பழுப்பு ஏடு, அதற்கு மேலே மங்கலான டீசல். பொருளாளர் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

ஆய்வுக்கூடங்கள் 'தெளிவும் பளிச்சும்' என்று பெயர் வைத்திருக்கும் சோதனையும் ஏறக்குறைய இவ்வளவுதான். பாட்டிலைச் சுழற்றினால் நடுவில் சுழல் விழும். தண்ணீர்த்துளியோ தூசியோ இருந்தால் சுழலுக்கு நேர்கீழே ஒன்றுசேரும். மங்கல் இருந்தால் அந்தப் பாட்டிலைக் கொஞ்சம் வெயிலில் வைக்கலாம். சூட்டில் தெளிந்தால் கரைந்த ஈரத்தின் மங்கல் என்று அர்த்தம், குளிர்ந்ததும் திரும்பி வந்துவிடும். நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. அடர்நிறம் எச்சரிக்கைதான், தீர்ப்பல்ல. அடர்ந்து, கூடவே கசடும் இறங்கினால் விட்டுவிட வேண்டியதுதான்.

மூக்கும் உதவும். பெயிண்ட், வார்னிஷ் மாதிரிக் காரமாக அடித்தால் ஆக்சிஜனேற்றம் முற்றிவிட்டது. அழுகிய முட்டை நாற்றம் என்றால் பாக்டீரியா. அப்போது முகத்தைப் பேரல் வாயருகே கொண்டுபோகவே கூடாது, அந்த வாயு விஷம். பெட்ரோல் வாடை வந்தால் அது வேறு ஆபத்து, பின்னால் சொல்கிறேன். பெரிய டேங்குகளுக்குப் பங்கில் செய்வதுபோல டிப் ராடில், அதாவது அளவு பார்க்கும் கம்பியில், வாட்டர் பேஸ்ட் தடவி இறக்கலாம். தண்ணீர் பட்ட உயரம் வரை பேஸ்ட் நிறம் மாறும்.

"எதுக்கு இவ்வளவு? கொஞ்சம் ஊத்தி ஓட்டிப் பார்த்தா தெரிஞ்சிடுமே" என்பார்கள். தெரியாது. ஜெனரேட்டரை லோடு இல்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டினால், குழாயிலும் ஃபில்டரிலும் ஏற்கெனவே இருந்த பழைய நல்ல டீசலிலேயே பாதி நேரம் ஓடிவிடும். கெட்ட டீசலின் வேலை லோடு ஏறிய பிறகுதான் ஆரம்பிக்கும். லிஃப்ட், மோட்டார் எல்லாம் இழுக்கும்போது எரிபொருள் ஓட்டம் கூடும், ஃபில்டர் மெல்ல அடைபடும், இன்ஜின் ஏறி இறங்கி முனகும், பத்து இருபது நிமிடத்தில் உட்கார்ந்துவிடும். சோதனை ஓட்டத்தில் பாஸாகி, புயல் இரவில் ஃபெயிலாகும் ஜெனரேட்டர்கள் பலவற்றின் கதை இதுதான்.

இந்தத் தொல்லை இப்போது அதிகம் காதில் விழுவதற்கு ஒரு காரணம், சொன்னால் சிரிப்பு வரும், மின்வெட்டு குறைந்ததுதான். 2012இல் தமிழ்நாட்டின் பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருக்கும். வாங்கிய டீசல் பேரலின் சூடு ஆறுவதற்குள் தீர்ந்துவிடும், பழசாக நேரமே கிடையாது. அந்தக் காலத்தில் வாங்கிப்போட்ட ஜெனரேட்டர்களில் பல இப்போது மாதம் ஒருமுறை பராமரிப்பு மின்தடைக்கும் வருடம் ஒரு புயலுக்கும்தான் கண் விழிக்கின்றன. டேங்கில் இருப்பது போன தீபாவளி டீசலா அதற்கு முந்தைய தீபாவளி டீசலா என்று அதற்கே தெரியாது.

விசைப்படகுகளுக்கு இந்தத் தூக்கம் காலண்டரிலேயே எழுதியிருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கத்திரி வெயிலும் உப்புக்காற்றும் சேர்ந்த இரண்டு மாதம், டேங்க் அரைகுறையாக நிற்க. முழுக்க நிரப்பி வைப்பது அல்லது முழுக்கக் காலிசெய்து துடைப்பது, இரண்டில் ஒன்றுதான் புத்திசாலித்தனம். பாதி டேங்க் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நிலை. தடை முடிந்து கரையிலிருந்து பத்துக் கடல்மைல் தள்ளி ஃபில்டர் அடைத்தால், மெக்கானிக்கைக் கூப்பிட முடியாது.

"பிஎஸ்6 வந்ததுல இருந்து டீசலே சரியில்ல" என்றும் ஒரு பேச்சு உண்டு. பாதிதான் உண்மை. பிஎஸ்6 என்ற மாசுக்கட்டுப்பாட்டு விதிப்படி 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க டீசலில் கந்தகம் பத்து லட்சத்துக்குப் பத்துப் பங்கு, பிஎஸ்4இல் ஐம்பது. கந்தகத்தை நீக்கும் ஹைட்ரஜன் சுத்திகரிப்பில், டீசலில் இயல்பாகவே இருந்த சில ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களும் வழுவழுப்பும் சேர்ந்து போகின்றன. வழுவழுப்பை மருந்து கலந்து ஈடுகட்டுகிறார்கள். அதே சுத்திகரிப்பில், சீக்கிரம் பிசினாகும் சில மூலக்கூறுகளும் ஒழிந்துவிடுகின்றன. கூட்டிக் கழித்தால் இது பழி போடும் அளவுக்கு இல்லை. பயோடீசல் கலந்திருந்தால்தான் நிஜமான வித்தியாசம். தாவர எண்ணெயிலிருந்து செய்யப்படுவதால் சிக்கு வாடையும் அதற்குச் சீக்கிரம் வரும், ஈரத்தையும் அதிகம் உறிஞ்சும். இந்தியத் தர விதி 7 சதவீதம் வரை அதை அனுமதிக்கிறது.

சரி, ஊற்றலாமா? பாதி விடை டீசலில், மீதி இன்ஜினில்.

தோட்டத்துப் பம்பு செட் மாதிரியான பழைய மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின்களில் இன்ஜெக்டர், அதாவது டீசலைப் பீய்ச்சும் முனை, திறப்பது சுமார் 200 பார் அழுத்தத்தில். கொஞ்சம் நிறம் மாறிய, ஆனால் தண்ணீர் இல்லாத டீசலை அவை முணுமுணுக்காமல் குடித்துவிடும். இன்றைய காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும்) வண்டிகளில் அழுத்தம் 1,600 முதல் 2,000 பார், அதற்கு மேலும் உண்டு. உள்ளே அசையும் பாகங்களுக்கு இடையே இடைவெளி சில மைக்ரான்தான், தலைமுடியின் தடிமனோ ஐம்பது மைக்ரானுக்கு மேல். அந்த வழியில் தண்ணீர் போனால் கீறல் விழலாம். 2023 ஜூலைக்குப் பின் புது மாசுக்கட்டுப்பாட்டு விதிப்படி வந்த ஜெனரேட்டர்கள் பலவற்றில் எலக்ட்ரானிக் கட்டுப்பாடு வந்துவிட்டது, அவற்றையும் கார் மாதிரிதான் பார்க்க வேண்டும். நூறு லிட்டர் பழைய டீசலை மிச்சம் பிடிக்கப் போய் இன்ஜெக்டர்களை மாற்றினால், மிச்சமானதைப்போலப் பல மடங்கு பில் வரும். காமன் ரெயில் வண்டியில் ஒரு வருடத்துக்கு மேலான பேரல் டீசலை நான் ஊற்ற மாட்டேன், எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் சரி.

இதுவரை சொன்னது இன்ஜினுக்கு ஆபத்து. மனிதருக்கு ஆபத்து இன்னொன்று, அது டீசலின் வயதால் வருவதில்லை. நம் தர விதியில் டீசலின் தீப்பற்றும் வெப்பநிலை குறைந்தது 35 டிகிரி. அதற்குக் கீழே அதன் ஆவி எளிதில் பற்றாது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் பேரல் அந்த எல்லையைத் தாண்டிவிடும் என்பதை மறக்கக் கூடாது. அதில் கொஞ்சம் பெட்ரோல் கலந்துவிட்டால் எல்லை என்பதே இல்லாமல் போகும். முன்பு பெட்ரோல் வைத்த கேனில் டீசலைப் பிடித்தாலே போதும். பெட்ரோல் வாடை அடித்தால் எந்த இன்ஜினுக்கும் வேண்டாம், அடுப்புக்கோ குப்பை எரிக்கவோ நிச்சயமாக வேண்டாம். துணியில் நனைத்துக் கொளுத்திப் பார்ப்பது சோதனையே அல்ல, டீசல் நல்லதா என்பதை அது சொல்லவும் சொல்லாது. சட்டத்தைப் பொறுத்தவரை, ஓரிடத்தில் மொத்தம் 2,500 லிட்டருக்கு மேல் போகாமல், ஒரு கொள்கலன் 1,000 லிட்டரைத் தாண்டாமல் இருந்தால் டீசலுக்கு உரிமம் வேண்டாம். உரிமம் வேண்டாம் என்பதற்காகக் குடிதண்ணீர் கேனில் பிடித்துப் படிக்கட்டுக்கு அடியில் வைக்கலாம் என்று பொருளில்லை.

கடைகளில் டீசல் மருந்து விற்கிறார்கள். கெடாமல் காக்கும் மருந்தைப் புது டீசலில் முதல் நாளே கலந்தால் பலன் உண்டு. கெட்டதை அது திருப்பிக் கொண்டுவராது. பூஞ்சைக்கொல்லி பூஞ்சையைக் கொல்லும், செத்த ஏடு முழுக்க ஃபில்டருக்குத்தான் வரும். தண்ணீரை எடுக்காமல் மருந்து ஊற்றுவது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைப்பது.

எங்கள் ஜெனரேட்டர் 2011இல் வாங்கிய மெக்கானிக்கல் பம்ப் வகை. அதனால் மெக்கானிக் சம்மதித்தார். டியூபை அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கட்டி, மேலிருந்த டீசலை மட்டும் கைப்பம்பால் எடுத்தார். வெள்ளை வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டியதில் துணி லேசாக மஞ்சளானதே தவிர, கசடு இல்லை. ஒரு பங்கு பழசுக்கு நாலு பங்கு புதுசு என்று கலந்து, மாற்று ஃபில்டர்கள் இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு, லிஃப்டையும் மோட்டாரையும் போட்டு முழு லோடில் ஒரு மணி நேரம் ஓட்டினார். நாற்பதாவது நிமிடம் ஒருமுறை ஏறி இறங்கியது. ஃபில்டரை மாற்றி, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றியதும் நிதானத்துக்கு வந்தது.

அடியில் மிச்சமிருந்ததைத் தனிக் கேனில் ஊற்றி 'கழிவு' என்று எழுதினோம். சாக்கடையில் விடலாம் என்று ஒருவர் சொன்னார். ஒரு தெரு தள்ளி கிணறு இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற கழிவு எண்ணெய் மறுசுழற்சியாளரிடம் அது போக மூன்று வாரம் ஆனது.

இப்போது அறையில் புதுப் பேரல் படுத்திருக்கிறது, இரண்டு மூடியும் ஒரே மட்டத்தில், டீசலுக்குள் மூழ்கினாற்போல. வாங்கிய தேதியை வாட்ச்மேன் சிவப்புப் பெயிண்டில் பெரிதாக எழுதினார், ஆனால் நிமிர்ந்து நின்றபோதே எழுதிவிட்டார். தலையைச் சாய்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.